கண்ணாடித் தளமும் மயிர்க்கீறலும்: பழைய அமெரிக்க வெள்ளி ப்ரூஃப் காசு சேகரிக்கத் தொடங்குவோருக்கு

ப்ரூஃப் என்றால் "மிக நல்ல நிலையில் இருக்கும் காசு" என்று நினைத்துக்கொண்டு பணத்தை இறக்குபவர்கள்தான் முதல் காசிலேயே ஏமாறுகிறார்கள். ப்ரூஃப் என்பது ஒரு செய்முறையின் பெயர். வெற்று வில்லையை மெருகேற்றி, அச்சின் தளத்தையும் கண்ணாடிபோல் தேய்த்து, புழக்கக் காசுக்குக் கொடுப்பதைவிட அதிக அழுத்தத்தில், நிதானமாக அடிப்பார்கள். அப்படி அடித்த காசு பிறகு பத்து வருடம் யாரோ ஒருவரின் சட்டைப் பையில் கிடந்து தேய்ந்தாலும் அது ப்ரூஃப்தான், அடிபட்ட ப்ரூஃப். புழக்கத்துக்கு அடித்த காசு எவ்வளவு பளபளத்தாலும் ப்ரூஃப் ஆகாது. விலை வித்தியாசம், மோசடி, வாக்குவாதம் எல்லாமே இந்த ஒரு கோட்டைச் சுற்றித்தான் நடக்கின்றன.

எந்தக் காலத்துக் காசு

பிலடெல்பியா நாணயச்சாலை 1792இல் தொடங்கியது. ஆரம்ப வருடங்களில் மிகக் கவனமாக அடித்த சில காசுகள் உண்டு. அவற்றை இப்போது "ஸ்பெசிமென்" என்று தனியாகக் குறிப்பது வழக்கம். ஐயமின்றி ப்ரூஃப் என்று சொல்லத்தக்கவை 1810களின் பிற்பகுதியிலிருந்து வருகின்றன. தலைமைக் காசடிப்பாளராக இருந்த ஆடம் எக்ஃபெல்ட் இவற்றை "மாஸ்டர் காசுகள்" என்று எடுத்து வைத்தார். அந்தச் சேமிப்பிலிருந்துதான் 1838இல் நாணயச்சாலையின் காட்சித் தொகுப்பு உருவானது. அது 1923இல் வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்நாளில் ப்ரூஃப் வேண்டுமென்றால் நாணயச்சாலையில் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். பிலடெல்பியாவின் ஜோசப் மிக்லி 1827இல் ஒரு டாலரைக் கொடுத்து நான்கு புதிய கால் டாலர்களை வாங்கி வந்தார் என்பது சேகரிப்பாளர் உலகில் எல்லோரும் சொல்லும் கதை. இன்று அந்த 1827 கால் டாலர் பெரும் செல்வந்தர்கள் ஏலத்தில் மோதிக்கொள்ளும் காசு. 1858இல்தான் பொதுமக்களுக்கு முறையாக ப்ரூஃப் விற்கும் வழக்கம் வந்தது. அதற்கு முந்தையவை பெரும்பாலும் சில பத்துகளுக்குள் அடங்கும், சில வருடங்களுக்கு ஒற்றை இலக்கம்தான். பிந்தையவை பெரும்பாலும் வருடத்துக்குச் சில நூறிலிருந்து ஆயிரம் சொச்சம் வரை, அரிதாக இரண்டாயிரத்தை ஒட்டியும். வெள்ளி ப்ரூஃபின் இந்தப் பழைய காலம் 1915இல் முடிகிறது. அவ்வருடம் அரை டாலரில் 450 மட்டுமே.

தொடங்க வேண்டிய இடம்

1858க்கு முந்தைய காசோடு தொடங்காதீர்கள். பணம் மட்டும் காரணமல்ல. அந்தக் காசுகளில் "இது ப்ரூஃபா, இல்லை முதல் அடியில் பளபளத்த புழக்கக் காசா" என்று வல்லுநர்களே ஒத்துப்போவதில்லை. கண் பழகாதவர் அந்தச் சண்டைக்கு நடுவில் போய் நிற்கக்கூடாது.

நல்ல தொடக்கம் 1879 முதல் 1891 வரையிலான, உட்கார்ந்த சுதந்திர தேவி உருவம் கொண்ட பத்து சென்ட் காசு, அல்லது 1892க்குப் பிறகு வந்த, சார்லஸ் பார்பர் வடிவமைத்த பத்து சென்ட். சிறிய காசு, விலையும் சில நூறு டாலரிலேயே தொடங்கும். தவறு செய்தாலும் தாங்கும். 1892இல் 1,245 ப்ரூஃப் போனது, புது வடிவம் என்பதால் கிராக்கி. அடுத்த வருடமே 792 ஆகிவிட்டது.

இன்னொரு நல்ல வாசல், ப்ரூஃபாக மட்டுமே அடித்த வருடங்கள். 1873ஆம் வருட மூன்று சென்ட் வெள்ளி 600. இருபது சென்ட் காசில் 1877 (510), 1878 (600). ஆசிய வணிகத்துக்கென அடித்த, சற்றுக் கனமான வெள்ளி டாலரான வணிக டாலரில் 1879 (1,541), 1880 (1,987), 1881 (960), 1882 (1,097), 1883 (979). இவற்றில் அசல் என்று உறுதியானால் போதும், ப்ரூஃபா என்ற இரண்டாவது கேள்வியே எழாது. தேய்ந்து போனவைகூட ப்ரூஃப் என்றே தரம் இடப்படும், பணம் குறைந்தவருக்கு அதுவே வழி. 1878 வணிக டாலரில் மட்டும் கவனம். பிலடெல்பியாவின் 900 மட்டுமே ப்ரூஃப். கழுகின் கீழே எஸ் அல்லது சிசி முத்திரை இருந்தால் அது சான் பிரான்சிஸ்கோ அல்லது கார்சன் சிட்டியின் புழக்கக் காசு. 1884, 1885 வருட வணிக டாலரை யாராவது மலிவாக நீட்டினால் பேச்சை மாற்றிவிட்டு நகருங்கள். அடித்ததே முறையே பத்தும் ஐந்தும்தான்.

ஜார்ஜ் மோர்கன் வடிவமைத்த வெள்ளி டாலரான மோர்கன் டாலரில் 1895 ஆசை வரும், எல்லோருக்கும் வரும். பதிவேட்டில் 12,000 புழக்கக் காசு என்று இருக்கிறது, ஆனால் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கிடைப்பது 880 ப்ரூஃபில் மிஞ்சியவை மட்டும். அதனால் மற்ற வருட மோர்கன் ப்ரூஃபைப் போலப் பல மடங்கு விலை. முதல் ஐந்து வருடத்தில் அதை மறந்துவிடலாம்.

எதையாவது ஒழுங்காகச் சேர்க்க வேண்டும் என்றால் ஒரே வருடத்தின் வெள்ளிக் காசுகளைச் சேர்ப்பது அழகான திட்டம். 1881ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: பத்து சென்ட், கால், அரை ஆகிய மூன்றும் தலா 975, மோர்கன் டாலர் 984, வணிக டாலர் 960. ஐந்து காசில் தொகுப்பு முடிந்துவிடும், ஐந்தும் ஒன்றோடொன்று பொருந்தும்படி நிறம் பார்த்து வாங்குவதற்கு மட்டும் இரண்டு மூன்று வருடம் பிடிக்கும்.

மேசை, விளக்கு, தராசு

முதலில் ஐந்து பொருள்கள்: 5 மடங்கும் 10 மடங்கும் பெருக்கும் இரண்டு லென்ஸ்கள், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, வெர்னியர் காலிப்பர் (தாடைகள் பிளாஸ்டிக்காக இருப்பது நல்லது, எஃகு காசைக் கீறிவிடும்), தடித்த மென்துணி, ஒரு மேசை விளக்கு. விளக்குதான் முக்கியம். மூடியில்லாத ஒற்றைப் பல்பு, பழைய 75 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் போல் ஒரே புள்ளியிலிருந்து வர வேண்டும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். டியூப்லைட்டின் பரவலான வெளிச்சத்தில் மயிர்க்கீறல் மறைந்துபோகும். காசுக் கண்காட்சிகளில் சில கடைகள் ஏன் டியூப்லைட்டின் கீழேயே மேசை போடுகின்றன என்று இதை வைத்துப் புரிந்துகொள்ளலாம்.

காசை இரு விரலால் விளிம்பில் மட்டும் பிடித்து, துணிக்கு மேல் தாழ்வாக வைத்துக்கொண்டு, மெதுவாகச் சாய்த்துச் சுழற்றுங்கள். காசைப் பார்த்துக்கொண்டே பேசாதீர்கள். எச்சில் துளி ஒன்று பட்டால் கண்ணாடித் தளத்தில் ஆறு மாதம் கழித்துக் கரும்புள்ளியாக எழும், அதை எடுக்க வழி இல்லை.

எடைகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1853 முதல் 1873 தொடக்கம் வரை பத்து சென்ட் 2.49 கிராம், கால் 6.22, அரை 12.44. 1873இல் சற்றே ஏற்றி 2.50, 6.25, 12.50 ஆக்கினார்கள். இந்த மாற்றத்தைக் காட்டத்தான் 1853இலும் 1873இலும் வருடத்தின் இருபுறமும் அம்புகள் போட்டார்கள். 1840க்குப் பிறகான வெள்ளி டாலர் 26.73, வணிக டாலர் 27.22. வெள்ளியின் தூய்மை 1837 முதல் ஆயிரத்துக்கு 900, அதற்கு முன் 892.4. மூன்று சென்ட் மட்டும் 1853 வரை 750. டாலர் அளவுக் காசில் சுமார் 0.1 கிராம் ஏற்ற இறக்கத்தைப் பொறுக்கலாம். 24, 25 கிராமில் நிற்கும் "வணிக டாலர்" சீனப் போலி, சந்தேகமே வேண்டாம். அகலம்: பெரிய டாலர்கள் 38.1 மில்லிமீட்டர், அரை 30.6, கால் 24.3, பத்து சென்ட் 17.9.

நீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்க்கும் முறையும் உண்டு. 900 வெள்ளிக்கு சுமார் 10.3 வரும். ஆனால் ப்ரூஃப் காசை நீரில் இறக்குவது நல்ல பழக்கமில்லை, காய்ந்த துளி தடம் விடும். எடை, அகலம், விளிம்பு மூன்றிலும் சந்தேகம் தீராவிட்டால் தர நிர்ணய நிறுவனத்துக்கு அனுப்புவதே மேல்.

ப்ரூஃபா, பளபளப்பான புழக்கக் காசா

இதில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். 1879 முதல் 1889 வரை கால், அரை டாலர்களைப் புழக்கத்துக்கென மிகக் குறைவாகவே அடித்தார்கள். 1879 அரை டாலர் 4,800தான், 1882உம் 1884உம் 4,400. புது அச்சின் முதல் சில ஆயிரம் அடிகளோடு வேலை முடிந்ததால் அந்தக் காசுகளும் கண்ணாடி போலவே மின்னும். "ப்ரூஃப்" என்ற பெயரில் வெளியே சுற்றுபவற்றில் இவை ஏராளம். சில வருடங்களில் உண்மையில் புழக்கக் காசே அதிக விலை போகும், எனவே தலைகீழ் மோசடியும் நடக்கும்.

பார்க்க வேண்டிய இடங்கள் இவை. காசின் ஓரத்திலிருந்து தொடங்குங்கள். ப்ரூஃபில் விளிம்பின் மேல்முகம் தட்டையாக, உள்பக்க மூலை செங்கோணமாக, வெட்டி வைத்தது போல இருக்கும். புழக்கக் காசில் அந்த மூலை சற்று உருண்டு சரியும். அதிக அழுத்தத்தில் உலோகம், காசைச் சுற்றிப் பிடிக்கும் வளையத்துக்கும் அச்சுக்கும் இடையே பிதுங்குவதால் சில ப்ரூஃபுகளில் விளிம்பில் கத்திமுனை போன்ற மெல்லிய கோடு எழுந்து நிற்கும். அடுத்து விளிம்பை ஒட்டிய பற்கள்: ஒவ்வொன்றும் தனித்தனியாக, இடைவெளி தெளிவாகத் தெரிய வேண்டும்.

பிறகு மூடிய இடங்கள். கேடயத்தின் செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே, டி, ஓ போன்ற எழுத்துகளின் வயிற்றுக்குள்ளே கண்ணாடித்தன்மை போகிறதா? ப்ரூஃபில் போகும். பிற்காலத்தில் யாரோ மெருகுச் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்கிய காசில் போகாது, சக்கரத்தின் துணி அந்தப் பள்ளத்துக்குள் நுழையாது. அப்படிப் பிடித்த காசில் தளம் சமமாக இல்லாமல் நீர்ப்பரப்பு போல நெளியும், எழுத்துகளின் ஓரங்கள் மழுங்கியிருக்கும். அச்சடித்த தாள் ஒன்றைக் காசின் தளத்துக்கு எதிரே பிடித்து, பிரதிபலிப்பில் எழுத்தைப் படித்துப் பாருங்கள். ப்ரூஃபில் நான்கைந்து அங்குலம் தள்ளிப் பிடித்தாலும் படிக்கலாம், காசின் இரண்டு பக்கத்திலும். ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் சாட்டின் துணி போன்ற மென்மினுப்பு என்றால் யோசியுங்கள்.

கடைசியாக விளிம்பின் வரிகள். காசைச் செங்குத்தாகத் திருப்பிப் பார்த்தால் ப்ரூஃபில் அந்த வரிகளும் கூர்மையாக, பளிச்சென்று இருக்கும். ஸ்லாபுக்குள் (தர நிர்ணய நிறுவனம் காசை அடைத்து மூடித் தரும் பிளாஸ்டிக் பெட்டி) இருந்தால் இதைப் பார்ப்பது கடினம்.

உருவங்கள் பனி படிந்தது போல வெண்மையாகவும் தளம் கருங்கண்ணாடி போலவும் இருந்தால் அது "கேமியோ". அச்சின் பள்ளத்தில் இருந்த சொரசொரப்பு முதல் சில பத்து அடிகளுக்கு மட்டுமே தாங்கும், அதனால் ஒரே வருடத்தின் காசுகளிலும் சிலவற்றில்தான் இருக்கும். 1902 முதல் 1904 வரையிலான ப்ரூஃபுகளில் தேடாதீர்கள். அச்சின் உருவப் பகுதியையும் சேர்த்தே மெருகேற்றிவிட்டார்கள், முகமும் பளபளக்கும். அதைப் பார்த்து "யாரோ தேய்த்துவிட்டார்கள்" என்று புதியவர்கள் நல்ல காசை ஒதுக்குவதுண்டு.

கீறல், கழுவல், நிறம்

ஒரு ப்ரூஃபின் விலையைத் தீர்மானிப்பது மயிர்க்கீறல். வாங்கிய குடும்பம் ஒன்று ஒரு முறை கைக்குட்டையால் துடைத்திருந்தால் போதும், இணையான மெல்லிய கோடுகள் தளம் முழுக்கப் பதிந்துவிடும். ஒற்றைப் பல்பின் கீழ் சாய்க்கும்போது, ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மட்டும் சிலந்தி நூல்போல் பளிச்சிட்டு மறையும். அதனால் ஒரே கோணத்தில் பார்த்துவிட்டுக் கீழே வைக்காதீர்கள். முழு வட்டம் சுற்றுங்கள்.

மயிர்க்கீறலையும் நூல்தடத்தையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அச்சைத் துடைத்த துணியின் ஒரு நார் அச்சில் ஒட்டிக்கொண்டு, அடிக்கும்போது காசில் பள்ளமாகப் பதிந்ததுதான் நூல்தடம். அது வளைந்து நெளிந்து, அடிப்பகுதி வழவழப்பாக, ஓரத்தில் உலோகம் மேலெழாமல் இருக்கும். கீறலின் ஓரத்தில் உலோகம் வரப்புபோல் ஒதுங்கியிருக்கும். 10 மடங்கு லென்ஸில் தெரியும். நூல்தடம் பிறவி அடையாளம், விலையைப் பெரிதாகக் குறைக்காது. இன்னும் சொன்னால், பழைய ஏலப் படத்தில் இருக்கும் அதே காசுதானா என்று ஒப்பிட அது கைரேகை போல உதவும்.

காசில் மூன்றாவதாக வருவது நிறம். நாணயச்சாலை ப்ரூஃபுகளை மெல்லிய தாளில் சுற்றிக் கொடுத்தது. அந்தத் தாளின் கந்தகமும் காற்றும் சேர்ந்து நூறு வருடத்தில் வெள்ளி சல்ஃபைடின் மெல்லிய படலத்தைப் போடுகின்றன. படலம் தடிக்கத் தடிக்க வெளிர் பொன், செம்மை கலந்த ஊதா, நீலம், பச்சை நீலம் என ஒரு வரிசையில் நிறம் மாறும். இயற்கையான படலத்தில் ஒரு நிறம் அடுத்த நிறத்துக்குள் கரைந்து போகும், சாய்த்தால் அடியிலிருந்து கண்ணாடி எட்டிப் பார்க்கும். கந்தகம் பூசி அல்லது சூடேற்றி அவசரமாக ஏற்றிய நிறம் அந்த வரிசையைத் தாண்டும், நடுவிலேயே திடீரென நீலமாகும், திட்டுத் திட்டாக நிற்கும். இப்படிச் செய்வதன் நோக்கம் பெரும்பாலும் அடியில் இருக்கும் கீறலை மறைப்பதுதான். அழகான நீலம் என்று மயங்கும்போதெல்லாம் நீலத்தின் அடியில் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள்.

இதன் மறுபக்கம், பளிச் வெள்ளையாக இருக்கும் பழைய காசு. நூற்றி நாற்பது வருடத்துக் காசு எப்படி இன்றும் வெள்ளையாக இருக்கிறது? பெரும்பாலும் யாரோ அமிலமும் தயோயூரியாவும் கலந்த வெள்ளித் திரவத்தில் முக்கியிருக்கிறார்கள். ஒருமுறை லேசாக முக்கி நன்றாகக் கழுவியதைச் சந்தை பொறுத்துக்கொள்கிறது. பலமுறை முக்கியதில் தளத்தின் மேல் தோல் கரைந்து, கண்ணாடி மங்கி, பால் படிந்தது போலத் தெரியும். அது திரும்ப வராது. நீங்கள் எதையும் முக்க வேண்டாம். இதில் விதிவிலக்கே கிடையாது.

கிரேடும் ஸ்லாபும்

தரத்துக்கு 1 முதல் 70 வரையிலான அளவுகோல். வில்லியம் ஷெல்டன் 1949இல் பழைய செப்பு சென்ட்களுக்காக வகுத்ததை, பிறகு எல்லாக் காசுக்கும் பொருத்திவிட்டார்கள். 1986இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987இல் தொடங்கிய என்ஜிசி இரண்டும்தான் முக்கிய நிறுவனங்கள். பிசிஜிஎஸ் ப்ரூஃபுக்கு "பிஆர்" என்றும் என்ஜிசி "பிஎஃப்" என்றும் எண்ணுக்கு முன் போடும். கேமியோவில் ஒருபடி மேலானதை முன்னது "டீப் கேமியோ" என்றும் பின்னது "அல்ட்ரா கேமியோ" என்றும் சொல்லும். 2007இல் வந்த சிஏசி, இந்த ஸ்லாபுகளை மறுபடி பார்த்து, கிரேடுக்குத் தகுந்த காசு என்றால் பச்சை ஸ்டிக்கரும், கிரேடைவிட மேலானது என்றால் தங்க நிற ஸ்டிக்கரும் ஒட்டும்.

நடைமுறையில் 60 முதல் 62 வரை கீறல் கண்ணைக் குத்தும். 63இல் தேடாமலே தெரியும், 64இல் தேடினால் தெரியும், 65இல் லென்ஸ் கேட்கும். 64க்கும் 65க்கும் இடையே விலை தாவும். எனவே புதியவருக்கு ஏற்ற இடம் 63, 64. அதிலும் தேடித் தேடி, இயற்கை நிறம் கலையாத காசாக எடுங்கள். 65 என்று சீட்டு ஒட்டி, பலமுறை முக்கிய வெள்ளைக் காசைவிட, பொன்னும் நீலமும் ஓடும் 63 நாளை விற்கும்போது சீக்கிரம் கைமாறும். "டீடெய்ல்ஸ்" என்று எழுதியிருந்தால் கழுவல், கீறல், விளிம்பை அரத்தால் தேய்த்தது என ஏதோ குறை இருக்கிறது என்று பொருள். மலிவாகக் கிடைக்கும், விற்கும்போது இன்னும் மலிவாகத்தான் போகும்.

ஸ்லாபிலும் போலி உண்டு. சீட்டின் எண்ணை நிறுவனத்தின் இணையத் தளத்தில் இட்டுப் பாருங்கள். காசின் படமும் அங்கிருந்தால் நூல்தடம், நிறத்திட்டு, புள்ளி மூன்றையும் ஒப்பிடுங்கள். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது, உண்மையான எண்ணைத்தான் போலிக்காரர்கள் நகலெடுக்கிறார்கள்.

இந்நிறுவனங்கள் "இதுவரை எத்தனை காசுக்குத் தரமிட்டோம்" என்று வெளியிடும் எண்ணிக்கையை அப்படியே நம்பவும் வேண்டாம். 64ஐ 65 ஆக்கும் ஆசையில் ஒரே காசை ஸ்லாப் உடைத்து நான்கைந்து முறை அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். பட்டியலில் அது நான்கைந்து காசாக நிற்கும். அடித்த எண்ணிக்கையும் வழிகாட்டாது, விற்காமல் மிஞ்சிய ப்ரூஃபுகளை நாணயச்சாலை உருக்கியதும் புழக்கத்தில் விட்டதும் உண்டு. நம்பத்தக்கது ஏலப் பட்டியல்: கடந்த பத்து வருடத்தில் அந்தக் காசு எத்தனை முறை மேடை ஏறியது?

வாங்கும் விதம்

ஹெரிட்டேஜ், ஸ்டாக்ஸ் போவர்ஸ் ஆகிய ஏல நிறுவனங்களின் பழைய விற்பனைப் பதிவுகள் படத்தோடு இணையத்தில் கிடைக்கின்றன. ஒரு காசைக் குறிவைத்தால் அதே வருடம், அதே கிரேடில் கடைசியாகப் போன ஐந்து விலைகளை எழுதிக்கொள்ளுங்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுவில் உள்ளதைப் பிடியுங்கள். அந்தக் காசுகளின் படங்களையும் பார்த்து, ஏன் ஒன்று மட்டும் தாழ்ந்து போனது என்று கேளுங்கள். பெரும்பாலும் விடை படத்திலேயே இருக்கும்.

ஏலத்தில் சுத்தியல் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் உண்டு, 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 1,000 டாலர் என்று கை தூக்கினால் 1,200 கொடுக்க வேண்டும், பிறகு அனுப்பும் செலவு, காப்பீடு. ஆகவே உச்சவரம்பை மொத்தத்தில் வைத்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, ஏலம் தொடங்குமுன்பே தாளில் எழுதி வையுங்கள். கடைக்காரரிடம் வாங்கினால் திருப்பித் தரும் நாட்களை எழுத்தில் கேளுங்கள். பளபளப்புக் காசைப் படத்தை வைத்து மட்டும் தீர்மானிக்க முடியாது, கேமரா ஒரு கோணத்தில்தான் பார்க்கிறது. கையில் வந்ததும் உங்கள் விளக்கின் கீழ் ஒருமுறை சுழற்றிப் பார்த்தே ஆக வேண்டும்.

ஸ்லாப் இல்லாத "ப்ரூஃப்" காசைத் தொடக்கத்தில் வாங்காமலிருப்பதே நல்லது.

மறு அச்சு என்னும் சிக்கல்

மேலே போக ஆசை வந்தால் முதலில் மோதுவது இது. 1850களின் பின்பாதியில், ஜேம்ஸ் ராஸ் ஸ்னோடன் நாணயச்சாலைத் தலைவராக இருந்தபோது, பழைய அச்சுகளை எடுத்து அரிய காசுகளைத் திரும்ப அடித்தார்கள். அவர் நாணயச்சாலைத் தொகுப்புக்காக வாஷிங்டன் பதக்கங்களைத் தேடிக்கொண்டிருந்தார், அவற்றுக்குப் பண்டமாற்றாகவும் இவை போயின. அதிகாரிகள் பின்வாசல் வழியாக விற்றதும் நடந்தது.

அதனால் அசலையும் மறு அச்சையும் பிரிக்கத் தெரிய வேண்டும். 1827 கால் டாலரின் மதிப்பைக் காட்டும் 25இல், 2இன் அடிப்பகுதி வளைந்து சுருண்டிருந்தால் அசல். நேர்கோடாகச் சதுரமாக இருந்தால் மறு அச்சு, 1819ஆம் வருட அச்சின் பின்பக்கத்தைப் பொருத்தி அடித்தது. 1851 டாலரில் வருடம் உயரத்தில் நின்றால் அசல், நடுவில் நின்றால் மறு அச்சு. 1858 டாலர் ப்ரூஃபாக மட்டுமே வந்தது. கிறிஸ்டியன் கோப்ரெக்ட் செதுக்கிய 1836 முதல் 1839 வரையிலான டாலரில் இது இன்னும் சிடுக்கு. காசை மேலிருந்து கீழாகத் திருப்பினால் கழுகு மேல்நோக்கிப் பறக்கிறதா, சமதளத்தில் பறக்கிறதா என்பதிலிருந்து அச்சின் விரிசல் வரை பார்த்துத்தான் வகை பிரிக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் உச்சம் 1804 டாலர். 1804இல் அப்படி ஒரு காசு அடிக்கப்படவே இல்லை. 1834 வாக்கில் சியாம் மன்னருக்கும் மஸ்கட் சுல்தானுக்கும் பரிசுப் பேழை அனுப்ப, பழைய பதிவேட்டைப் பார்த்து அந்த வருடத்தைப் போட்டு அடித்தார்கள். தூதர் எட்மண்ட் ராபர்ட்ஸ் அவற்றைக் கப்பலில் கொண்டு போனார். அந்த முதல் வகையில் எட்டுக் காசுகள் உள்ளன. மூன்றாம் வகை பின்னாளில் ரகசியமாக அடித்தது. 1999இல் முதல் வகைக் காசு ஒன்று 41.4 லட்சம் டாலருக்குப் போனது, 2021இல் அதே காசு 76.8 லட்சம். புராணக்கதை போல இருந்தாலும், பயன் உண்டு: காசில் இருக்கும் வருடமும் அடித்த வருடமும் ஒன்றாக இருக்கத் தேவையில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் சொல்லாது.

வீட்டில் வைப்பது

பிவிசி பிளாஸ்டிக் உறைகளை வீட்டிலிருந்தே அகற்றுங்கள். மென்மையாக, வாசனையோடு இருக்கும் உறைகள்தான் ஆபத்து. அவை காலப்போக்கில் விடும் அமிலம் காசில் பச்சை நிறப் பிசினாகப் படியும், நாளானால் உலோகத்தைத் தின்னும். மைலார் உறை சற்று விறைப்பாக இருக்கும், ஆனால் பாதுகாப்பு.

பச்சைப் பிசின் படிந்த காசு கிடைத்துவிட்டால்: ஆய்வகக் கடையில் கிடைக்கும் சுத்தமான அசிட்டோன் (நகப்பூச்சு நீக்கி வேண்டாம், அதில் வாசனையும் எண்ணெயும் இருக்கும்). இரண்டு கண்ணாடிக் கிண்ணத்தில் 50 மில்லிலிட்டர் வீதம் ஊற்றி, முதலாவதில் ஐந்து பத்து நிமிடம் விட்டு, இரண்டாவதில் அலசி, சாய்த்து நிறுத்தித் தானாக உலர விடுங்கள். தேய்க்காதீர்கள், பஞ்சும் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் அடுப்போ விளக்குத் திரியோ கூடாது, உடனே பற்றும். நிறப்படலத்தை அசிட்டோன் தொடாது. விலை உயர்ந்த காசாக இருந்தால் இதையும் நீங்கள் செய்யாமல், தர நிர்ணய நிறுவனங்களே நடத்தும் பராமரிப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

வெள்ளிக்கு எதிரி கந்தகம். ரப்பர் பேண்ட், கம்பளி, செய்தித்தாள், மலிவான அட்டைப்பெட்டி, மர அலமாரியின் வாசனை, புதிதாக அடித்த பெயின்ட் எல்லாம் அதைக் கொண்டுவரும். ஸ்லாப் காற்றுப் புகாதது அல்ல. ஜிப் வைத்த பாலித்தீன் பையில், ஒரு சிறிய சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, எஃகுப் பீரோவில் வையுங்கள். கடற்கரை ஊர்களில் வங்கி லாக்கரிலும் ஈரம் இருக்கும், நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஜெல்லை மாற்ற வேண்டும்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சட்ட விஷயம். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டத்தின் வரையறையில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசும் அடங்கும், தனியார் தொல்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. இங்கே கொண்டுவந்த காசை நாளை அமெரிக்க ஏலத்துக்கு அனுப்ப நினைக்கும்போது இது குறுக்கே நிற்கலாம். எனவே வாங்குமுன்பே சுங்க விஷயம் தெரிந்த வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள், வரிக் கணக்கையும் சேர்த்து.

ஒவ்வொரு காசுக்கும் ஒரு தாள்: சீட்டின் எண், கிரேடு, வாங்கிய தேதி, விற்றவர், மொத்தச் செலவு, முன்பு எந்த ஏலத்தில் வந்தது, இரு பக்கப் படம். இந்தத் தாள்களைக் காசோடு வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள், வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் அது எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள்.